முழங்கால் வலியும் பூமியின் எதிர்காலமும்

பூமியைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் பலர். மாநாடு கூட்டியவர்கள் உண்டு. மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டு, அடுத்த வருஷம் அதே குழியில் இன்னொரு கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. துணிப்பை தைத்து, அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்றவர்களும் உண்டு. இவர்கள் ஒருவராலும் ஆகாத காரியத்தை ஓசைப்படாமல் செய்து முடித்தது முழங்கால் வலி. இந்தப் பேருண்மையை முதன்முதலில் கண்டு உலகுக்குச் சொன்ன பெருமை நகராட்சிப் பசுமைப் பிரிவின் துணை இயக்குநரையே சேரும். அவருக்கும் முழங்கால் வலி உண்டு. ஆனால் அவர் இருந்தது தரைத்தள அரசுக் குடியிருப்பில். ஆகவே அந்த ஒரு ஜோடி முழங்கால்களை மட்டும் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளவில்லை.

அந்த ஊரில் எங்கே பார்த்தாலும் நரைத்த தலைதான். தொட்டில் விற்ற கடையில் இப்போது கைத்தடி விற்றார்கள். மூடிய பள்ளிக்கூடத்தில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். பசுமைப் பிரிவு இதைப் பற்றி முதலில் மிகவும் கவலைப்பட்டது. "ஒரு வீட்டுக்கு ஒரே ஆள். அவருக்கு ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு டிவி, பகல் பூரா ஒரு விளக்கு. முதியோர் பூமிக்குச் சுமை" என்று குளிரூட்டிய அறையில் தீர்மானம் போட்டார்கள். சால்வை போர்த்திக்கொண்டுதான் போட்டார்கள். அறை அவ்வளவு குளிர்.

அப்போதுதான் துணை இயக்குநர் எழுந்தார். அவருக்குக் கூட்டங்களில் எழுந்திருக்கும் வழக்கமே கிடையாது. பணி ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்ததால் ஏதாவது சாதித்துவிட்டுப் போகவேண்டும் என்று ஓர் அரிப்பு.

"மேடம், பொது ஊழியர் ஓய்வாளர் குடியிருப்புல போன மாசம் லிஃப்ட் ரிப்பேர் ஆச்சு" என்றார்.

"சரி பண்ணியாச்சா?" என்றார் இயக்குநர். இளம் வயது. எதையும் சட்டென்று பிடித்துக்கொள்வார்.

"பண்ணல மேடம். அந்த மாசம் அந்த எட்டு மாடிக் கட்டடத்துல யாருமே வெளிய போகல. பஸ் ஏறல, ஆட்டோ பிடிக்கல, கடைக்குப் போய்த் தேவையில்லாததை வாங்கல. மின்சாரமும் மிச்சம், பெட்ரோலும் மிச்சம். ஊர்லயே சுத்தமான கட்டடம் அதுதான்."

அறை முழுக்கக் கைதட்டல். முதியோர் "சுமை" என்ற தீர்மானம் அங்கேயே கிழிக்கப்பட்டு, முதியோர் "வளம்" என்று புதிதாக ஒன்று போடப்பட்டது. லிஃப்டைச் சரி செய்தார்கள். சரி செய்தவுடன் சீல் வைத்தார்கள். கெட்டுப்போன லிஃப்டை நிறுத்தினால் அது அலட்சியம், நன்றாக ஓடுகிற லிஃப்டை நிறுத்தினால்தான் அது கொள்கை என்று இயக்குநர் விளக்கினார்.

அதோடு விடவில்லை. வாசலில் இருந்த பெஞ்சுகள் மனிதர்களை வெளியே வரத் தூண்டுவதாகத் தெரியவந்ததால் அவை பெயர்க்கப்பட்டன. மளிகைக்காரர் மாடி ஏற மறுத்துவிட்டபடியால், குடியிருப்போர் பால்கனியிலிருந்து கயிறு கட்டிக் கூடை இறக்கிச் சாமான் தூக்கிக்கொண்டார்கள். "இயந்திரமற்ற சரக்குப் போக்குவரத்து" என்று அதற்குத் தனியாக ஒரு படம் எடுத்தார்கள்.

அந்தக் கட்டடத்தின் நாலாவது மாடியில் துணை இயக்குநரின் அக்கா இருந்தாள்.

அக்கா நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். தாய் தகப்பன் போன பிறகு தம்பியைப் படிக்கவைத்தது அந்தச் சம்பளம்தான். வாழ்நாள் முழுக்க ஓடுகிற வண்டியில் நின்றே தேய்ந்த முழங்கால்கள் இரண்டும் படி என்றாலே மடங்க மறுத்தன. ஊர் முழுக்கச் சுற்றியவள் இப்போது கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ட்ரிப் அடித்துக்கொண்டிருந்தாள்.

ஏழாவது மாடியில் டிரைவர் அண்ணன். அக்காவுடன் ஒரே வண்டியில் கடைசிவரை ஓட்டியவர். எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து காது சுத்தமாகப் போய்விட்டது; கிளட்ச் மிதித்து மிதித்து முழங்காலும் போய்விட்டது. மனைவி காலமாகி, பிள்ளைகள் எங்கெங்கோ போய், தனியாக இருந்தார். லிஃப்ட் ஓடிய காலத்தில் சாயங்காலமானால் இரண்டு பேரும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற பேருந்துகளை எல்லாம் குறை சொல்வார்கள். அதைவிடப் பெரிய சந்தோஷம் இரண்டு பேருக்கும் இருந்ததில்லை.

லிஃப்ட் நின்ற பிறகு குழாய்தான். கட்டடத்தின் சமையலறைகளை எல்லாம் இணைத்து எட்டாம் மாடியிலிருந்து தரைத்தளம் வரை ஒரு வெந்நீர்க் குழாய் ஓடியது. அக்கா கரண்டியால் தட்டுவாள். அண்ணனுக்குக் காது கேட்காது, ஆனால் குழாயில் கைவைத்தால் அதிர்வு தெரியும். பழைய விசில் கணக்குதான். இரண்டு என்றால், ரைட், போலாம், எல்லாம் சுகம். ஒன்று என்றால், நிறுத்து, ஆள் இறங்கணும்.

தினமும் காலையில் கீழிருந்து இரண்டு, மேலிருந்து இரண்டு. ஒரு நாள் மேலிருந்து பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

அந்த வாரம் துணை இயக்குநர் நாலு மாடியும் மூச்சு வாங்க ஏறிவந்தார். வந்தது நல்ல சேதியோடு. லிஃப்ட் மீட்டர் பூஜ்யத்திலேயே நிற்பதற்காக அந்தக் கட்டடத்துக்கு "தடமற்ற குடியிருப்பு" விருது. கட்டடத்தின் சார்பாக அதை வாங்கிக்கொள்ளப்போகிறவள் அக்கா. உலகப் புகழ் பெற்ற நிபுணர் ஒருவர் மூன்று விமானம் மாறி நேரில் வந்து தரப்போகிறார்.

"விருது கெடக்கட்டும். அண்ணன் நாலு நாளா தட்டல" என்றாள் அக்கா.

"தூங்கியிருப்பாரு."

"நாலு நாளாவா? பின்பக்கத்துல அவர் கூடையும் இறங்கலன்னு மளிகைக்காரர் சொன்னாரு. அந்த மாடியில மத்த வீடெல்லாம் பூட்டிக் கெடக்கு. போன் அடிச்சா அவருக்குக் கேக்காது. லிஃப்டை ஒரே ஒரு தடவை போடுடா. பாத்துட்டு வந்துடறேன்."

துணை இயக்குநர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "என்னக்கா பேசற? விருதுக் குழு மீட்டரைப் பாத்துக்கிட்டே இருக்கு. ஒரு தடவை போட்டாலும் பூஜ்யம் போயிடும். அது என்னோட பூஜ்யம் இல்ல, பூமியோட பூஜ்யம்."

"அப்ப நீ ஏறிப்போய்ப் பாரு. இன்னும் மூணு மாடிதான்."

துணை இயக்குநர் தன் முழங்காலைப் பார்த்தார். பிறகு கைப்பேசியைப் பார்த்தார். விஞ்ஞானம் வளர்ந்ததே இப்படிப்பட்ட இக்கட்டான நேரங்களுக்காகத்தான். எந்த வீட்டில் எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று காட்டும் செயலி அவர் கையில் இருந்தது.

"இதோ பாரு. ஏழாவது மாடி. பச்சை. ஊர்லயே இவ்வளவு பச்சை கெடையாது. அடுப்பு போடல, டிவி போடல, நாலு நாளா ஒரு விளக்குகூட எரியல. ஒண்ணுமே செலவில்ல. ரொம்ப நல்லா இருக்காரு."

"உன்னைப் படிக்கவெச்சது தப்புடா" என்றாள் அக்கா. ஆத்திரத்தில் அவள் குரல் நடுங்கியது. துணை இயக்குநர் அதை முதுமையின் அறிகுறி என்று எடுத்துக்கொண்டு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு இறங்கினார்.

விருது விழா அன்று காலை வாசலில் பந்தல் போட்டு நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டன. பெஞ்சுகளைப் பெயர்த்த அதே இடத்தில்தான். நிபுணர் வந்து இறங்கினார். அவருக்கும் எழுபது தாண்டியிருக்கும். விருதாளரை அவரது வீட்டிலேயே சந்தித்து, கைப்பிடித்து மேடைக்கு அழைத்துவருவது நிகழ்ச்சி நிரல். உள்ளே நுழைந்தவர் படிக்கட்டை ஒரு பார்வை பார்த்தார்.

"நாலாவது மாடியா? லிஃப்ட் இருக்கா?"

துணை இயக்குநர் வாயைத் திறப்பதற்குள் இயக்குநர் சொன்னார்: "இருக்கு சார். ரொம்ப நல்லா ஓடும்."

"மேடம், சீல்" என்று துணை இயக்குநர் காதோடு சொன்னார்.

"விருந்தினர் வேற, குடியிருப்போர் வேற சார். குடியிருப்போர் போனாத்தான் அது செலவு. விருந்தினர் போனா அது உபசாரம்."

சீல் உடைக்கப்பட்டது. லிஃப்ட் பெருமூச்சு விட்டுக்கொண்டு மேலே கிளம்பியது.

பல மாதங்களாக அந்தச் சத்தத்தைக் கேட்காத கட்டடம் அது. ஒவ்வொரு மாடியிலும் தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்டது. நாலாவது மாடியில் கதவு திறந்தபோது எதிரே அக்கா நின்றுகொண்டிருந்தாள். செருப்பு மாட்டியிருந்தாள். பழைய தோல்பை தோளில் குறுக்கே தொங்கியது. கழுத்தில் விசில்.

"அம்மா, வணக்கம். உங்களைப் பார்ப்பது என் பாக்கியம்" என்று நிபுணர் வெளியே வந்தார். இயக்குநர் வந்தார். கேடயத்தை அணைத்துக்கொண்டு துணை இயக்குநர் வந்தார். அவர்கள் வெளியே வர, அக்கா உள்ளே போனாள்.

"அக்கா, உனக்குத்தான் விருது. எங்க போற?"

"மேல."

கதவு மூடிக்கொண்டது. மேலே சிவப்பு எண் ஐந்து, ஆறு, ஏழு என்று ஏறி நின்றது. வெகுநேரம் நின்றது. துணை இயக்குநர் செயலியை எடுத்துப் பார்த்தார். ஏழாவது மாடி இன்னமும் பச்சையாகத்தான் இருந்தது. முதல் முறையாக அந்தப் பச்சை அவருக்குப் பிடிக்கவில்லை.

லிஃப்ட் இறங்கி வந்தது. கதவு திறந்தது. உள்ளே, பட்டன்களுக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலியில் டிரைவர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வலது மணிக்கட்டு வீங்கி, துண்டு சுற்றியிருந்தது. காலில் ஷூ போட்டு லேஸ் கட்டாமல் விட்டிருந்தார். பின்னால் ஐந்தாம் மாடி, ஆறாம் மாடி ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

"கையில அடிபட்டிருக்கு. கூடையை இழுக்க முடியல, சமைக்க முடியல. பிஸ்கட் தின்னுட்டு, விளக்கும் போடாம கதவுகிட்டயே உக்காந்திருக்காரு" என்றாள் அக்கா. அவளுக்குக் கண் நிறைந்திருந்தது.

அண்ணன் காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில் பேசினார். "ஒரு வாரமா இடது கையால தட்டிட்டே இருக்கேன் கண்டக்டரம்மா. ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணுன்னு. பதிலே இல்ல. நீ போய்ட்டேன்னு நெனச்சேன்."

"நான் எங்கண்ணே போறது? போறதுக்கும் லிஃப்ட் வேணாமா?" என்று அவள் அவர் முகத்துக்கு நேராக வாயசைத்துச் சொன்னாள்.

துணை இயக்குநர் மெல்லத் திரும்பி, திறந்திருந்த அக்காவின் வீட்டுக்குள் பார்த்தார். சமையலறையில் வெந்நீர்க் குழாய் தெரிந்தது. வெப்பம் வீணாகக்கூடாது என்று போன வாரம் கட்டடம் முழுக்கக் குழாய்க்குத் தடிமனான உறை போட்டிருந்தார்கள். பளபளவென்று இருந்தது. பசுமைப் பிரிவின் முத்திரைகூட அதில் அச்சாகியிருந்தது. அந்த யோசனை அவருடையது. அதற்குத் தனியாக ஒரு பாராட்டுப் பத்திரம் வாங்கியிருந்தார்.

"அருமையான வேலை. துளி அதிர்வுகூட இருக்காது" என்றார் நிபுணரும், குழாயைப் பார்த்து.

துணை இயக்குநருக்குக் கேடயம் திடீரென்று கனத்தது. "அக்கா, நானும் வரேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்" என்று லிஃப்டுக்குள் கால் வைக்கப் போனார்.

"எடமில்ல. அடுத்த வண்டியில வா" என்றாள் அக்கா. இரண்டு விசில் கொடுத்தாள். அண்ணன் கைக்கு எட்டிய அதிர்வு என்னவோ, சரியாக அதே நொடியில் இடது கையால் பட்டனை அழுத்தினார்.

அடுத்த வண்டி வந்தது. அதில் எட்டாம் மாடி நிரம்பியிருந்தது. அதற்கடுத்த வண்டியில் மறுபடி ஆறாம் மாடி. "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு. கைத்தடியை நேரா புடிங்க" என்று அக்காவின் குரல் மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் இயக்குநர் "இவர் தலைமை விருந்தினர்" என்று சொன்னார். ஒவ்வொரு முறையும் அக்கா "எல்லாருக்கும் ஒரே டிக்கெட்தாம்மா" என்றாள்.

"இவ்வளவு பேர் இந்தக் கட்டடத்திலா இருந்தார்கள்?" என்று நிபுணர் வியந்தார்.

"எங்க கணக்குல இவங்க வெளிய வராததுனால, இருக்கறதே தெரியல சார்" என்றார் இயக்குநர்.

கடைசியில் நிபுணர் படியிறங்கினார். மாடிக்கு ஒரு தரம் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தான் படித்த எல்லா மொழிகளிலும் முனகினார். கீழே வந்தால் பந்தலில் ஒரு நாற்காலி காலியில்லை. கட்டடம் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தது. விருந்தினருக்கு வைத்திருந்த டீயைக் குடித்துக்கொண்டு, ரோட்டில் போகிற பேருந்துகளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தது. டிரைவர் அண்ணனை மட்டும், நிபுணர் வந்த காரிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தாள் அக்கா. அந்தக் கார் திரும்பி வரும்வரை நிபுணர் நின்றுகொண்டேதான் சொற்பொழிவாற்றினார்.

சொற்பொழிவு நன்றாகவே இருந்தது. முழங்கால் வலிக்க வலிக்க, ஒரு மனிதனை வீட்டிலேயே வைத்திருப்பதன் மகத்துவம் அவருக்கு விளங்கிவிட்டது. "இந்தத் திட்டத்தை எழுபது வயதில் தொடங்குவது மிகத் தாமதம். பணி ஓய்வு பெறும் நாளிலிருந்தே தொடங்கவேண்டும்" என்றார். இயக்குநர் அதை அங்கேயே ஏற்று அறிவித்தார். துணை இயக்குநரும் பழக்க தோஷத்தில் கைதட்டினார்.

விழா முடிந்து அக்கா மேலே போக மறுத்துவிட்டாள். தரைத்தளத்தில் "பசுமைக் கண்காட்சி அறை" என்று ஒன்று, யாரும் வராததால் சும்மா கிடந்தது. தோல்பையை அங்கே ஆணியில் மாட்டிவிட்டு, "கேடயம் வேணும்னா அதை நாலாவது மாடியில குடிவைங்க. நான் ஏற மாட்டேன்" என்று உட்கார்ந்துகொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுப் போட்டுக்கொண்டு வந்த அண்ணனுக்குப் பக்கத்துக் காவலாளி அறை. பத்திரிகைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் யாராலும் ஒன்றும் செய்யமுடியவில்லை. மற்றவர்களை மரியாதையாக மேலே ஏற்றிவிட்டு லிஃப்டுக்கு மறுபடி சீல் வைத்தார்கள்.

மாதக் கடைசியில் துணை இயக்குநர் ஓய்வு பெற்றார். மாலை போட்டார்கள். தரைத்தளக் குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னார்கள். இயக்குநர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உணர்ச்சிவசப்பட்டார்.

"உங்களுக்கு அந்தக் கட்டடத்துலயே எட்டாவது மாடி ஒதுக்கியாச்சு சார். காத்து நல்லா வரும்."

"மேடம், கீழ ஏதாவது..."

"கீழ உங்க அக்கா இருக்காங்களே. அதுவுமில்லாம திட்டத்தைக் கொண்டுவந்தவரே உச்சியில இருந்தாத்தான் பெருமை."

அவர் ஏறினார். கண்காட்சி அறை வாசலில் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பெட்டியோடு போகிற தம்பியைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். அவருக்கு அவள் திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

எட்டாவது மாடியில் இரண்டாவது வாரமே முழங்கால் பூசணிக்காய் போல வீங்கிக்கொண்டது. காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. எழுந்து அடுப்புப் பற்றவைக்கவோ, கூடையை இழுக்கவோ தெம்பில்லை. அக்காவைக் கூப்பிடலாம் என்று கைப்பேசியை எடுப்பார். எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று வைத்துவிடுவார். அப்படி ஒரு மத்தியான வேளையில், அதுவே மணியடித்தது. இயக்குநர்.

"சார், வாழ்த்துகள். மூணு நாளா உங்க வீடு முழுப் பச்சை. அடுப்பில்ல, விளக்கில்ல, ஒண்ணுமே செலவில்ல. ரொம்ப நல்லா இருக்கீங்கன்னு தெரியுது."

"மேடம், நான்..."

"பேசாதீங்க சார். போன்ல சார்ஜ் வீணாகும்" என்று இயக்குநர் வைத்துவிட்டார். அதற்கேற்ப கைப்பேசியும் உயிரை விட்டது.

துணை இயக்குநர் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். பழம் நறுக்கும் கத்தியை எடுத்தார். குழாயைச் சுற்றியிருந்த உறை மிகவும் தரமானது. தரத்தில் சமரசம் கூடாது என்று அவரே கையெழுத்துப் போட்டு வாங்கியது. பசுமைப் பிரிவின் முத்திரையை நடுவில் குறுக்காக அறுத்து, நார் நாராகப் பிய்த்து எறிந்தார். உள்ளே பழைய குழாய் தெரிந்தது.

பூமியைக் காப்பாற்றிய மாமனிதர் கரண்டியை ஓங்கி ஒரே ஒரு தட்டுத் தட்டினார். நிறுத்து, ஆள் இறங்கணும்.